சிறுசோறும் மாக்கோழியும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாவையொட்டி நடந்த பலகாரப் போட்டியில் இவ்வாண்டு நம் இளம்பெண்கள் புதுவகைப் பண்டம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தனர். கட்டைவிரல் நுனியளவில் ஓர் இட்லி. அதன் அருகே பச்சைச் சட்டினி. நடுவில் துளையிட்ட உளுந்து வடை. காரத்தை எதிர்பார்த்து வாயிலிட்டவர்களுக்கு இனிப்பு பிஸ்கட் கிடைத்தது. பரிசளித்த பெரியவர் ஒருவர் சாம்பாரைத் தொட்டுச் சுவைத்துப் பார்த்து, “இது வெல்லப்பாகு அல்லவா!” என்று வியந்தார். அதைப் பற்றியே பேசும்படி மகளிர் அணியினர் என்னைப் பணித்தனர். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவளுக்குப் பிஸ்கட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது. நம் சமயத்தின் பழங்காப்பியம் ஒன்று மாவால் செய்த உருவம் ஒன்றைச் சுற்றியே எழுந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் இக்கலையின் இயல்பைக் கூறுகிறேன். இது அமெரிக்க இல்லங்களில் குழந்தைகளின் விருந்துகளுக்காகவும், ஏப்ரல் முதல் நாளின் வேடிக்கைக்காகவும் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருவது. மிகுதியாகச் செய்யப்படுவது பர்கர் பிஸ்கட். மேற்புறம் சற்றே குவிந்த வெண்ணிலா பிஸ்கட்டுகள் இரண்டு. அவை ரொட்டியின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும். இடையில் சாக்லேட் பூசிய புதினா மிட்டாய் ஒன்று. அது இறைச்சி வட்டு. தேங்காய்த் துருவலை ஒரு சீசாவிலிட்டு இரண்டு சொட்டுப் பச்சை நிறம் சேர்த்துக் குலுக்கினால் அது கீரையாகிவிடும். சர்க்கரைக் குழைவில் சிவப்பும் மஞ்சளும் கலந்து பிதுக்கினால் தக்காளிச் சாறும் கடுகுச் சாறும் ஆயிற்று. மேல் பிஸ்கட்டில் தேனையோ நீரையோ தடவி நாலைந்து எள்ளைத் தூவுவார்கள். அந்த எள்தான் கண்ணை ஏமாற்றும் மந்திரம். உண்மையில் அவ்வளவு சிறிய ரொட்டியின்மீது ஓர் எள் அளவுக்கு மிஞ்சிப் பெரியது, பொருத்தமற்றது. ஆயினும் எள்ளைக் கண்டவுடன் கண் அதை ரொட்டியென்று முடிவு செய்துவிடுகிறது. முழுப்பொருளையும் நுணுக்கமாகப் படியெடுக்க வேண்டுவதில்லை. அடையாளம் ஒன்று தவறாமல் அமைந்தால் போதும். ஓவியம் கற்றோர் இதனை அறிவர்.

ஜப்பானியர் இதனைத் தொழிலாகவே செய்துவிட்டனர். மெய்ஜி என்னும் நிறுவனம் 1975இல் ‘காளான் மலை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பண்டத்தை வெளியிட்டது. பிஸ்கட் காம்பும் சாக்லேட் தலையுமாகக் காளான் வடிவம். 1979இல் ‘மூங்கில் குருத்து ஊர்’ என்னும் பொருளுடைய மற்றொன்று வந்தது. இவ்விரண்டில் எது சுவை மிக்கது என்று அந்நாட்டு மக்கள் இன்றளவும் விளையாட்டாக வழக்காடுகின்றனர். நம்மில் காளானைத் தொடாதவர்கள் இந்த வழக்கில் எந்தக் கட்சியில் சேர்வது என்பது எனக்கு விளங்கவில்லை!

ஒன்றைப்போல் மற்றொன்றைச் சமைக்கும் வழக்கம் உலகில் மிகப் பழையது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் மார்த்தொரானா கன்னிமாடத்தின் பெயரால் வழங்கும் பாதாம் இனிப்புகள் உண்டு; அத்திப்பழம், ஆரஞ்சு, பேரிக்காய் எனப் பழ வடிவில் நிறந்தீட்டி, நவம்பர் 2ஆம் நாள், நீத்தாரை நினைக்கும் நாளில், குழந்தைகளுக்கு வழங்குவார்கள். இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியையும் முட்டையையும் விலக்கினர். அந்நாளில் செல்வர் வீட்டுச் சமையற்காரர்கள் பாதாம் பாலைக் கொண்டு போலி முட்டை செய்து அளித்தனர். சீனத்துப் பௌத்த மடங்களிலோ கோதுமைப் பசையத்தைத் திரட்டி வாத்திறைச்சிபோல் அமைத்தனர். இவையெல்லாம் விலக்கியதை நினைந்து செய்யப்பட்டவை. அமெரிக்கப் பர்கர் பிஸ்கட் அவ்வாறன்று. அதனைச் செய்பவர் உண்மைப் பர்கரையும் உண்பவரே. அதில் ஏக்கம் இல்லை. குறும்பு மட்டுமே உண்டு. இந்த வேறுபாடு முக்கியமானது என்பது என் கருத்து.

இச்சிறிய பண்டங்களைத் தமிழில் எவ்வாறு அழைப்பது என்று என்னிடம் கேட்டார்கள். புதுச்சொல் தேட வேண்டுவதில்லை. ‘சிறுசோறு’ என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது. சிற்றில் இழைத்து, மணலைச் சோறாக்கி, விருந்திட்டு விளையாடும் சிறுமியரைப் பழந்தமிழ்ப் புலவர்கள் பலகாலும் பாடியிருக்கிறார்கள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுசோறு சமைத்தலைத் தனிப்பருவமாகவே வைத்துப் பாடியதும் உண்டு. நம் பெண்கள் அம்மணற்சோற்றை மாவால் சமைத்து, உண்ணத் தக்கதாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மரச்செப்பு வைத்து விளையாடிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அந்தச் சிறு இட்லியைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லில் அடங்காது.

இனி, நான் பேச விரும்பிய பொருளுக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டா. அமெரிக்காவில் கல்லூரியில் பயிலும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. சூரியன் மறைந்தபின் தண்ணீரும் அருந்தாதவர். சதுர்த்தசி தோறும் உண்ணாநோன்பு காப்பவர். அவர் நோன்பு முடித்து உண்ணும் நாளில் ஏதேனும் செய்து தர வேண்டுமென்று அப்பெண் ஆசையோடு பர்கர் பிஸ்கட்டைச் செய்து, தட்டில் அடுக்கிக் கொண்டு வந்தாள். பாட்டி பார்த்தார், இது என்னவென்று கேட்டார். பேத்தி மறைக்காமல் சொன்னாள். உடனே பாட்டி தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். “அம்மாடி, மாவுதான் என்று சொல்லி மாக்கோழி அறுத்த கதை உனக்குத் தெரியாதா? கண்ணால் பார்த்த பிறகு இதை எப்படி நான் வாயில் வைப்பேன்?” என்றார். “பாட்டி, இதில் ஓர் உயிரும் இல்லையே! இரண்டு பிஸ்கட்டும் ஒரு மிட்டாயும்தானே?” என்று அப்பெண் கண்கலங்கினாள். அன்று முதல் மூன்று நாள்கள் அந்தப் பெண்ணின் கையால் தண்ணீர்கூடப் பாட்டி வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான்காம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. “டீச்சரம்மா, யசோதர காவியம் படித்தவர் நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்கள்.

இளையோர் பொருட்டு அக்கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. வடமொழியில் சோமதேவ சூரி 959இல் யசஸ்திலகம் என்னும் பெருநூலில் இதே வரலாற்றை விரித்துரைத்தார். கன்னடத்தில் ஜன்னர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யசோதர சரிதை பாடினார். உஞ்சயினி மன்னன் யசோதரன் தன் மனைவி அமிர்தமதியின் பிறழ்ந்த ஒழுக்கத்தைக் கண்டு மனம் வெறுத்தான். அதனைத் தாயிடம் வெளிப்படையாகச் சொல்ல நாணி, தீக்கனாக் கண்டதாக உரைத்தான். தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீமை நீங்கும் என்றாள். மன்னன் மறுத்தான், உயிரைக் கொல்லேன் என்றான். அப்போது தாய் ஓர் இடைவழி கண்டாள். உயிருள்ள கோழி வேண்டா. மாவால் கோழி செய்து அதனை வெட்டுக என்றாள். மகனும் இசைந்தான். மாக்கோழியின்மீது வாள் வீழ்ந்தது. பின்னர் அமிர்தமதி இட்ட நஞ்சால் தாயும் மகனும் மாண்டனர். மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். ஒரு பிறவியில் மெய்யான கோழிகளாகவே பிறந்து மடிந்தனர். அதன்பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மனிதப் பிறவி வாய்த்தது.

மாவை வெட்டியதற்கு இத்தனை துன்பமா என்று வகுப்பில் மாணவியர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொன்ன விடை இதுதான்: யசோதரன் கோழி வடிவத்தைச் செய்ததற்காகத் துன்புறவில்லை. வெட்டும் கணத்தில் அவன் உள்ளத்தில் இருந்தது கொலை. அந்த மாவுருவம் உயிருள்ள கோழிக்குப் பகரமாக நின்று, கொலையின் பயனைத் தர வேண்டும் என்று அவன் விரும்பினான். கோழி சாக வேண்டிய இடத்தில் மாவை வைத்தானேயொழிய, சாவின்மீது வைத்த நம்பிக்கையை விடவில்லை. நம் முன்னோர் இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என்று இரண்டாகப் பகுத்தனர். உடலுக்கு ஊறு செய்வது முன்னது. உள்ளத்தில் ஊறு நினைப்பது பின்னது. மாக்கோழியில் திரவிய இம்சை இல்லை. பாவ இம்சை முழுமையாக இருந்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்தப் பேத்தியின் தட்டில் இருந்தது மாக்கோழி அன்று. அவள் நெஞ்சில் கொலை இல்லை. பாட்டி சிரிக்க வேண்டும் என்னும் அன்பே இருந்தது. அதனை நான் அங்கே சொன்னேன். பாட்டி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரு வினாவை எழுப்பினார்: “அவள் நெஞ்சில் இல்லை, சரி. பார்க்கிற என் நெஞ்சில் அந்த மாட்டின் முகம் வருகிறதே, அதற்கு என்ன செய்வது?” நாற்பதாண்டு தமிழ் படித்த எனக்கு அதற்கு உடனடி விடை இல்லை. செய்பவர் கருத்தைப் போலவே உண்பவர் கருத்தும் உண்டல்லவா? இறைச்சி வடிவத்தைக் கண்டு உள்ளம் கூசுவது எண்பதாண்டுகளாகப் பயின்று பெற்ற ஒரு செல்வம். அதனை அறியாமை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. ஆகவே அந்தப் பாட்டி உண்ணாதிருந்தது சரி. பேத்தி செய்ததும் குற்றமன்று. கையால் தண்ணீர் வாங்காதிருந்ததுதான் தவறு. இதனைப் பாட்டியிடமே சொன்னேன். பேத்தி ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பாட்டி வாங்கி அருந்தினார்.

நான் விடைபெறும் நேரத்தில் இன்னொன்று நிகழ்ந்தது. பேத்தி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புதினா மிட்டாய்ப் பொட்டலம் மேசைமேல் கிடந்தது. மூக்குக் கண்ணாடியை அணிந்து அதன் பின்புறத்தைப் படித்தேன். மிகச் சிறிய எழுத்தில் ‘முட்டையின் வெண்கரு’ என்று இருந்தது. எள்ளை ஒட்டுவதற்குத் தேனைத் தடவியதாகவும் அப்பெண் சொன்னாள். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களைச் சொல்லும்போது, ஐந்து அணுவிரதங்களோடு கள், புலால், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலைச் சேர்த்துக் கூறினார். ஆக, வடிவத்தைப் பற்றி மூன்று நாள்கள் அக்குடும்பம் வழக்காடியது. விலக்க வேண்டியது வடிவத்துக்குள்ளே ஓசையின்றி அமர்ந்திருந்தது.

தாய்மார்களே, இதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கண்ணுக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது வேறு. உண்மையில் அஞ்சத்தக்கது வேறு. கடைகளில் கையளவுப் பர்கர் வடிவத்தில் ரப்பர்போல் நெகிழும் மிட்டாய் விற்கிறார்கள். அவ்வகை மிட்டாய்களில் மிகப் பலவற்றை நெகிழச் செய்வது ஜெலட்டின். அது பன்றி, மாடு முதலியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மிட்டாய்களின்மீது காணும் பளபளப்பு சில வேளைகளில் அரக்குப் பூச்சியின் கொடை. சிவப்பு நிறமோ இன்னும் வியப்பானது. கார்மைன், கொச்சினீல், இ 120, இயற்கைச் சிவப்பு 4 என்று பல பெயர்களில் வெளிநாட்டுப் பொட்டலங்களில் காணப்படும் நிறம், ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியில் வாழும் பூச்சிகளை உலர்த்தி நசுக்கிப் பெறப்படுவது. பெரு நாட்டில் அது மிகுதியாக விளைகிறது. அமெரிக்காவில் 2011 முதல் இதனைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது விதி. ‘இயற்கை’ என்னும் சொல்லைக் கண்டு நாம் மகிழ்கிறோம்; பூச்சியும் இயற்கைதானே!

இதிலே நம் ஊருக்கும் பங்குண்டு என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், இந்தப் பூச்சியை இங்கே வளர்த்துச் செந்நிறம் எடுக்க விரும்பி, சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நம் திருமணப் பலகாரங்களின் சிவப்பெல்லாம் எதனால் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டு.

மாக்கோழியில் உயிர் இல்லை, கொல்லும் கருத்து இருந்தது. இளஞ்சிவப்பு மிட்டாயில் கொல்லும் கருத்து நம்மிடம் இல்லை, ஆனால் உயிர் போயிருக்கிறது. பின்னது நம்மைத் தொடாது என்று சொல்ல முடியுமா? உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது ‘பிரமத்தம்’ என்பதை, அதாவது விழிப்பற்ற நிலையை, முன்னே வைத்திருக்கிறார். பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்க, படிக்கும் கண்ணும் நமக்கு இருக்க, திருப்பிப் பாராமல் வாயிலிடுவது எந்த வகையைச் சேரும் என்பதை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன், சிலர் எழுதிக்கொள்ளத் தாளோடு அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். சிறுசோற்றுக்கு ஏற்ற மாவு நம்மிடம் முன்பே இருக்கிறது. அது நெய் பிஸ்கட் என்று நாம் வழங்கும் நானகத்தாய். முட்டை இல்லை, ஈஸ்ட் இல்லை. மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், நெய் 100 முதல் 120 கிராம். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து, சலித்த மாவைச் சேர்த்துப் பிசைய வேண்டும். வழக்கமாகச் சேர்க்கும் சோடா உப்பை இங்கே விட்டுவிடுங்கள். அது மாவைப் பரப்பி, வெடிக்கச் செய்து, இட்லியின் வட்டத்தைக் கெடுத்துவிடும். உருவம் பிடித்த பிறகு இருபது நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சுட்டால் நெய் இளகி ஓடாது. இட்லி வெண்மையாக இருக்க வேண்டுமாகையால் 150 பாகை வெப்பமே போதும். அடிப்புறம் சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். வடைக்கு மாவில் அரைக்கரண்டி கோகோத் தூளைக் கலந்து, நடுவே பருமனான குழலால் துளையிட்டு, 170 பாகையில் சுடலாம். மிளகுக்குப் பதிலாகச் சாக்லேட்டைத் துருவித் தூவலாம். பிஸ்தாப் பொடியைச் சுண்டிய பாலில் குழைத்தால் சட்டினி. கருப்பட்டிப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சினால் சாம்பார். ஒட்டுவதற்குத் தேன் வேண்டா. சர்க்கரைப் பாகு போதும்.

நிறத்தில்தான் நம்மவர்க்குச் சிக்கல். மற்றவர்கள் செந்நிறத்துக்குப் பீட்ரூட்டைப் பிழிவார்கள். கிழங்கு விலக்கிய இல்லங்களில் அது ஆகாது. மாதுளைச் சாற்றையோ செம்பருத்தி இதழையோ சுண்டக் காய்ச்சிப் பயன்படுத்தலாம். ஆனால் அதனைச் சர்க்கரைக் குழைவில் மட்டுமே சேர்க்க வேண்டும். சோடா உப்புக் கலந்த மாவில் சேர்த்தால் சிவப்பு நீங்கி, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறமாகிவிடும்; அத்தகைய தக்காளிச் சட்டினியை எந்தக் குழந்தையும் தொடாது.

மற்றொன்று. இவ்வகைப் பண்டத்தைப் பொது விருந்தில் வைக்கும்போது, அருகில் ஒரு சீட்டில் இது இன்ன பொருள்களால் ஆனது என்று எழுதி வையுங்கள். கண்ணை ஏமாற்றுவது விளையாட்டு. நோன்பு காப்பவரையும், பாதாம் பிஸ்தா ஒவ்வாதவரையும் ஏமாற்றுவது விளையாட்டன்று. இவ்வாண்டுப் போட்டியில் சீட்டு வைத்திருந்த பெண்கள் இருவரே. அடுத்த ஆண்டு அதனை விதியாகவே ஆக்கும்படி மகளிர் அணியினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோழி வடிவிலும் மீன் வடிவிலும் செய்யலாமா என்று ஒரு சிறுமி சற்றுமுன் என்னிடம் கேட்டாள். நீந்துகின்ற மீனையும் மேய்கின்ற கோழியையும் பிஸ்கட்டில் செய்து, பல்லால் தலையைக் கடிக்கும்போது உன் மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்கு வந்து சொல் என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் முறுக்கு செய்கிறேன், டீச்சர்” என்றாள். முறுக்கு அச்சில் நானகத்தாய் மாவைப் பிழிவதற்கு நெய்யைச் சற்றுக் குறைக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பாட்டியைப் பற்றிப் பலர் கேட்கக்கூடும். பேத்தி ஊருக்குத் திரும்பும் முன் நானகத்தாய் மாவில் இட்லியும் வடையும் செய்து கொடுத்தாளாம். பாட்டி இரண்டு இட்லியைச் சுவைத்துவிட்டு, சட்டினியில் உப்பில்லை என்று குறை சொன்னாராம். பர்கரை மட்டும் அவர் இன்றுவரை ஏற்கவில்லை.